ஓட்டைப் பிரிக்க முன்னம் மரத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரிக்கு முன்னம் கூரை வேலையை முடித்துவிட வேண்டும் என்று திருகோணமலையில் இப்போது ஆளாளுக்குக் கூரை மரவேலை செய்கிற ஓடாவிமாரைத் தேடி அலைகிறார்கள். உவர்மலையிலிருந்து உப்புவெளி வரைக்கும் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் ஒரு முற்றத்திலாவது பழைய ஓடு குவிந்து கிடக்கிறது, பக்கத்தில் நிறம் பூசிய புதுத் தகரச் சீற் கட்டுக் கட்டாக இறங்கியிருக்கிறது. கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "ஒழுகுது, அதுதான் மாத்துறம்." ஒழுகினால் முழுக் கூரையையும் மாற்றத்தான் வேண்டுமா என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், வெட்டுவதானால் வெட்டுங்கள், ஆனால் அஸ்பெஸ்ரஸ் பற்றி எழுதியிருக்கிற பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எங்கள் வீடு பாலையூற்றில். 1964 டிசம்பரில் சூறாவளி வந்து போன பிறகு, இனிக் கிடுகு வேண்டாம் என்று அப்பா கட்டிய ஓட்டு வீடு. போன வருடம் குசினிப் பக்கம் ஒழுகத் தொடங்கியதும் கனடாவிலிருக்கிற தம்பி வட்ஸ்அப்பில் கூப்பிட்டு, "அக்கா, எல்லாத்தையும் இறக்கிப்போட்டுச் சீற் போடுங்கோ, காசு நான் அனுப்புறன்" என்றான். நல்ல மனம்தான். ஆனால் பனி கொட்டுகிற ஊரில் இருந்துகொண்டு, இங்கே ஆனி ஆடியில் கச்சான் காற்று அனலாக வீசும்போது மத்தியானம் இரண்டு மணிக்குச் சீற்றுக்குக் கீழே இருப்பது எப்படி இருக்கும் என்பதை அவன் மறந்துவிட்டான்.

விலை கேட்க வந்த முதலாவது ஆள் ஏணி கூடக் கேட்கவில்லை. முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார், போனில் கணக்குப் போட்டார், முழுதாக மாற்ற இவ்வளவு என்று ஒரு தொகை சொன்னார். திருத்துவதென்றால் எவ்வளவு என்று கேட்டதற்கு, "பழசைத் தொட்டால் கரைச்சல் மிஸ்" என்றார். அவரையும் பெரிதாகக் குறை சொல்ல ஏலாது, திருத்த வேலையில் கிடைப்பது சில நாள் கூலி, முழுக் கூரை என்றால் சீற்றிலும் மரத்திலும் ஆணியிலும் கூடக் கொஞ்சம் கொஞ்சம் வரும். ஆனால் மேலே ஏறிப் பார்க்காமல் விலை சொல்கிற ஆளிடம் கூரையைக் கொடுக்காதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்லிவைக்கிறேன்.

பிறகு சாம்பல்தீவுப் பக்கமிருந்து ஒரு வயதான ஓடாவியாரைக் கூட்டிவந்தோம். அவர் கேட்டது ஏணி, டோர்ச், ஒரு ஸ்குரூ டிரைவர், அவ்வளவுதான். நாலைந்து ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சீலிங்குக்கு மேலே புகுந்தவர் ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் தலையை வெளியே நீட்டினார், தலைமயிரெல்லாம் ஒட்டடை. ஒவ்வொரு கைமரத்தையும் (முகட்டிலிருந்து சரிவாக இறங்குகிற மரம்), முக்கியமாக அது சுவர்வளையில் (சுவரின் மேல் படுக்க வைத்த மரம்) உட்காருகிற இடத்தை, ஸ்குரூ டிரைவர் முனையால் குத்திப் பார்த்திருக்கிறார். நல்ல மரத்தில் முனை இறங்காது, கையைத் திருப்பித் தள்ளும். செத்த மரத்தில் சத்தமே இல்லாமல் இறங்கிவிடும். குசினிப் பக்கம் இரண்டு கைமரம் அப்படித்தான் இருந்தன, வெளியே பூசிய வர்ணம் கூடக் கழரவில்லை, உள்ளே கறையான் தின்று வெறும் கோது. மற்றதெல்லாம் பாலையும் முதிரையும். "இது உங்கட பேரப்பிள்ளையள் காலத்துக்கும் நிக்கும் பிள்ளை, ஏன் இறக்கப் போறியள்?" என்று அவர்தான் என்னைக் கேட்டார்.

ஒழுக்கு எங்கிருந்து வந்தது என்பது இன்னொரு கதை. சீலிங்கில் கறை பிடித்திருந்த இடத்துக்கும் தண்ணீர் உள்ளே நுழைந்த இடத்துக்கும் சம்பந்தமே இல்லை. பெரிய கூரையும் குசினிக் கூரையும் சந்திக்கிற பள்ளத்தில் போட்டிருந்த தகரம் துருப்பிடித்து ஓட்டையாகி, அதற்கு மேல் மாமரத்துச் சருகு அடைத்து, தண்ணீர் தேங்கி எகிறி ஓட்டுக்குக் கீழே புகுந்து, கைமரத்தின் சரிவோடு வழிந்துபோய், ஐந்தாறு அடி தள்ளித்தான் சொட்டியிருக்கிறது. கறைக்கு நேர் மேலே இருக்கிற ஓட்டை மாற்றிக்கொண்டிருந்தால் ஆயுள் முழுக்க மாற்றிக்கொண்டே இருந்திருக்கலாம். கடைசியில் இரண்டு கைமரம், அந்தப் பக்கத்தில் ஓடு உட்காருகிற சிலாகைகள், பள்ளத்துக்குப் புதுத் தகரம், வெடித்துப் போயிருந்த முகட்டோட்டுச் சாந்தைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதுச் சாந்து, இவ்வளவும்தான் வேலை. முதலாவது ஆள் சொன்ன தொகையில் ஐந்திலொன்று கூட முடியவில்லை. மாரியிலும் ஒழுகவில்லை.

ஆக, திருத்துவதா மாற்றுவதா என்பதைத் தீர்மானிப்பது ஓடும் இல்லை, சீற்றும் இல்லை. கீழே இருக்கிற மரம். ஓடு உடைந்தால் மாற்றலாம், நழுவினால் தள்ளி வைக்கலாம். மரம் போய்விட்டால் மேலே என்ன போட்டாலும் அது வீண் செலவு. வீதியில் நின்று முகட்டை ஒருதரம் பாருங்கள், நூல் பிடித்தமாதிரி நேராக இருக்கிறதா, நடுவில் இறங்கியிருக்கிறதா என்று. இறங்கியிருந்தால், கைமரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் குத்தினால் இறங்குகிறது என்றால், சுவர்வளையே உக்கிப்போயிருந்தால், அப்போது திருத்தப் போகாதீர்கள், முழுதாக இறக்கிவிடுங்கள். மூன்றிலொரு பங்கு என்பது என் கணக்கு, ஓடாவியாருக்கு ஓடாவியார் வேறுவிதமாகச் சொல்வார்கள். ஆனால் வருடா வருடம் இரண்டு கைமரம் மூன்று கைமரம் என்று மாற்றிக்கொண்டே போவதில் கூலிதான் ஏறும், அதில் எல்லோரும் ஒத்துப்போவார்கள் என்று நினைக்கிறேன்.

ஓட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் பழைய வீடுகளில் இருக்கிறதைக் கலிக்கட் ஓடு என்கிறோம். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபைக்காரர் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு அந்தக் கரையெங்கும் இந்த ஓடு பரவி, கப்பலில் இலங்கைக்கும் வந்தது. பிறகு தங்கொட்டுவ, வைக்கால் பக்கம் இங்கேயே சுடத் தொடங்கினார்கள். பழைய ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் கம்பனிப் பெயர் அச்சில் இருக்கும். இதில் ஒரு சிக்கல், ஒரு கம்பனி ஓட்டின் காடி (ஓடுகள் ஒன்றோடொன்று கொளுவுகிற பள்ளம்) இன்னொரு கம்பனி ஓட்டோடு சரியாகப் பொருந்தாது. உடைந்த பத்து ஓட்டுக்குப் பதிலாகக் கடையில் புதிது வாங்கிச் செருகினால் அந்தப் பத்து இடமும் வாய் பிளந்து நிற்கும், அடுத்த மழையில் அதுவே ஒழுகும். ஓடாவியார் செய்த வேலை கெட்டித்தனமானது: பின்பக்கச் சரிவில் இருந்த நல்ல பழைய ஓடுகளை எடுத்து முன்பக்கத்தில் விழுந்த இடமெல்லாம் நிரப்பினார், பின்பக்கத்தில் காலியான ஒரு துண்டை மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரே புது ஓட்டால் மூடினார். பழசும் பழசும், புதுசும் புதுசும். நிறம் இரண்டாகத் தெரியும்தான், பின்வளவில் இருக்கிற வாழைக்குத்தானே தெரியும்.

ஓடு நல்லதா கெட்டதா என்று பார்க்க விரலை மடக்கித் தட்டினால் போதும். கணீரென்றால் நல்லது, மந்தமாகக் கேட்டால் வெடிப்பு இருக்கிறது. பாசி பிடித்துக் கறுத்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது அழகுக்குத்தான் குறை. ஆனால் அடிப்பக்கம் மாவாக உதிர்ந்தால், செதில் செதிலாகக் கழன்றால், அந்த ஓட்டின் காலம் முடிந்துவிட்டது. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற வீடுகளில், திருக்கடலூர், மனையாவெளிப் பக்கம், உப்புக் காற்று ஓட்டுக்குள் ஊறி ஊறி இந்த வேலையைச் செய்கிறது. அங்கே மாற்றுவதுதான் சரி.

அடுத்தது குரங்கு. இதை எழுதாவிட்டால் நான் திருகோணமலைக்காரி இல்லை என்று சொல்லிவிடுவார்கள். மாமரத்திலிருந்து முகட்டுக்குப் பாய்ந்து, ஓட்டைக் கிளப்பி, கீழே எறிந்து விளையாடுகிற கூட்டத்தின் தொல்லை தாங்காமல்தான் பலபேர் சீற்றுக்குப் போகிறார்கள், அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் சீற் போட்ட வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள், விடிய ஐந்து மணிக்குத் தகரத்துக்கு மேலே குரங்குப் படை ஓடுகிற சத்தம் எப்படி இருக்கும் என்று. கூரைக்கு மேல் சாய்ந்த கிளைகளை வெட்டிவிட்டு, ஓரத்து மூன்று நாலு வரிசை ஓட்டையும் முகட்டை ஒட்டிய வரிசைகளையும் சிலாகையோடு துருப்பிடிக்காத கம்பியால் கட்டிவிட்டோம். குரங்கு வருகிறது, கிளப்பப் பார்க்கிறது, சலித்துப் போகிறது. காற்றுக்கும் அந்தக் கட்டு உதவும்.

சீற்றே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நூறு சதுர அடி ஓட்டுக் கூரையில் ஓடு மட்டும் கிட்டத்தட்ட 400 கிலோ வரும், அதே இடத்துக்குச் சீற் 50 கிலோவும் வராது. மெல்லிய சுவர், மெல்லிய மரம் வைத்துச் சின்னதாகக் கட்டுகிறவர்களுக்கு அது பெரிய சலுகை. ஆனால் அதே பாரக்குறைவுதான் காற்றில் வினை. ஓட்டுக் கூரையில் காற்று அடித்தால் ஓடு ஓடாகப் போகும், சீற் கூரை போனால் சிலாகை கைமரத்தோடு சேர்த்து ஒரேயடியாகத் தூக்கிக்கொண்டு போகும். ஓட்டை இறக்கிச் சீற் போடும்போது, ஓட்டின் பாரத்தை நம்பிச் சும்மா சுவரில் உட்கார வைத்திருந்த பழைய வளையை அப்படியே விட்டுவிடுகிறார்கள், இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வளையைச் சுவரோடு இரும்புப் பட்டி வைத்துப் பிணைக்க வேண்டும், கைமரத்தை வளையோடு பிணைக்க வேண்டும், ஓரங்களிலும் முகட்டிலும் ஸ்குரூவை நெருக்கி அடிக்க வேண்டும். தாழ்வாரத்தை நிழலுக்கென்று மூன்றடி நாலடி நீட்டாமல் சுருக்கிக்கொள்வதும், விறாந்தைக் கூரையைப் பெரிய கூரையோடு இணைக்காமல் தனியாக விடுவதும் நல்லது, விறாந்தை போனாலும் வீடு மிஞ்சும். 2020 டிசம்பரில் புரெவிச் சூறாவளி குச்சவெளிப் பக்கம் கரையேறியபோது நாங்கள் பயந்த அளவுக்கு அடிக்கவில்லை என்பதால் கொஞ்சம் அலட்சியம் வந்துவிட்டது. 2025 நவம்பர் கடைசியில் டித்வாச் சூறாவளி நாட்டை என்ன பாடு படுத்தியது என்பதைப் பார்த்த பிறகும் அந்த அலட்சியம் இருக்கக்கூடாது.

சீற் போடுகிறவர்களுக்குச் சின்னதாக ஒன்று. கிறைண்டரால் கூரைக்கு மேலேயே வைத்து வெட்ட விடாதீர்கள். பறக்கிற இரும்புப் பொறி சீற்றில் ஒட்டிக்கொண்டு, எங்கள் உப்புக் காற்றுக்கு ஒரு மாரி முடிய முன்னம் புள்ளி புள்ளியாகத் துரு வந்துவிடும். பிறகு கடைக்காரரோடு சண்டை பிடித்து என்ன பிரயோசனம்?

இப்போது அஸ்பெஸ்ரஸுக்கு வருகிறேன். திருகோணமலையில் ஏராளமான வீடு அதற்குக் கீழேதான் இருக்கிறது என்று சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். மலிவு, தகரத்தைவிடச் சூடு குறைவு, துருப்பிடிக்காது. ஆனால் அந்தச் சீற்றில் சீமெந்தோடு கலந்திருக்கிற அஸ்பெஸ்ரஸ் நார் புற்றுநோயை உண்டாக்கும், எல்லா வகை அஸ்பெஸ்ரஸும்தான், வெள்ளையும் அடக்கம், இதை உலக சுகாதார நிறுவனம் எப்போதோ சொல்லிவிட்டது. நீல வகையை இலங்கை 1987இலேயே தடை செய்தது. வெள்ளையையும் படிப்படியாக நிறுத்துவதாக அரசு அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில் எங்கள் தேயிலைப் பொதியில் வண்டு கண்டதாகச் சொல்லி ரஷ்யா இறக்குமதியை நிறுத்தியது, உடனே இங்கே அஸ்பெஸ்ரஸ் கட்டுப்பாட்டைத் தள்ளிப்போட்டார்கள். அஸ்பெஸ்ரஸ் பெரும்பாலும் அதே ரஷ்யாவிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்தவர்களுக்கு இதில் விளக்கம் தேவைப்படாது.

பயந்துபோய் நாளைக்கே உடைத்து இறக்கச் சொல்லவில்லை. அப்படிச் செய்வதுதான் ஆபத்து. வெடிப்பில்லாமல், உதிராமல் இருக்கிற சீற்றில் நார் சீமெந்துக்குள் கட்டுண்டு கிடக்கும், சீண்டாமல் விட்டால் பெரிதாகப் பறக்காது. வெட்டும்போதும், துளைக்கும்போதும், உடைக்கும்போதும், பாசியைக் கம்பித் தூரிகையால் உரசும்போதும்தான் கண்ணுக்குத் தெரியாத தூசாகக் கிளம்பி நெஞ்சுக்குள் போகிறது. நோய் தலைகாட்ட 20, 30, 40 வருடம்கூட ஆகலாம், அதனால் இன்றைக்கு உரசினவருக்கு ஒன்றும் நடக்கவில்லையே என்று வாதாடுவதில் பொருளில்லை. அஸ்பெஸ்ரஸ் கூரையைப் பொறுத்தவரை என் கணக்கு தலைகீழ்: நன்றாக இருந்தால் கைவைக்காதீர்கள், சில்லறைத் திருத்தம் கேட்கத் தொடங்கினால் திருத்தாதீர்கள், ஒரேயடியாக மாற்றிவிடுங்கள். இறக்கும்போது முதலில் நன்றாகத் தண்ணீர் அடித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுச் சீற்றாகக் கையால் கீழே இறக்க வேண்டும். கூரையிலிருந்து தள்ளி விழுத்தக்கூடாது. முகத்தில் கட்டுகிற லேஞ்சி போதாது, என்95 மாஸ்க்கும் போதாது, இந்தத் தூசுக்கு ஏற்ற பி100 அல்லது எஃப்எஃப்பி3 வகை மாஸ்க் வேண்டும். பிள்ளைகளை அன்றைக்கு அயலட்டையில் விட்டுவிடுங்கள்.

சரி, இறக்கிய சீற்றை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? இங்கேதான் எல்லோரும் முழிக்கிறோம். குப்பை லொறி எடுக்காது. அதனால் கோழிக்கூட்டுக்கு மேலே போடுகிறார்கள், உடைத்து ஒழுங்கைப் பள்ளத்தை நிரப்புகிறார்கள், மழை வெள்ளம் நிற்கிற வளவுக்குள் கொட்டி மேலே மண்ணைப் பரவுகிறார்கள். அந்த ஒழுங்கையில் முச்சக்கரவண்டி ஏறி ஏறி அரைத்து, கச்சான் காலத்தில் புழுதியாகக் கிளம்புகிறதைத்தான் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் சுவாசிக்கின்றன. எங்கள் ஒழுங்கை முனையிலேயே அப்படி ஒரு குவியல் இருக்கிறது, யார் கொட்டினது என்று எனக்குத் தெரியும், எழுதமாட்டேன், அவர்களுக்கும் வேறு வழி இருக்கவில்லை.

உள்ளூராட்சி மன்றங்களிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. வருடத்தில் ஒருதரம், ஆடி அமாவாசைக்கும் கந்தசஷ்டிக்கும் இடையில் எல்லோரும் கூரைவேலை செய்கிற காலத்தில், பழைய அஸ்பெஸ்ரஸை மட்டும் தனியாக எடுக்க ஒரு உழவு இயந்திரம் விடலாம். தடித்த பொலித்தீனில் சுற்றிக் கட்டித் தந்தால்தான் எடுப்போம் என்று நிபந்தனை போடுங்கள், நாங்கள் சுற்றித் தருகிறோம். எங்கே ஆழமாகக் கிடங்கு வெட்டிப் புதைப்பது என்பதைச் சுற்றாடல் அதிகார சபையோடு பேசித் தீர்மானியுங்கள், குடியிருப்புக்கும் கிணறுகளுக்கும் தள்ளி. கட்டணம் அறவிட்டாலும் தருவோம். வெள்ளத்துக்கும் காற்றுக்கும் பிறகு நிவாரணமாகக் கூரைச் சீற் கொடுக்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள், சீற்றோடு சேர்த்து வளையைச் சுவரில் பிணைக்கிற இரும்புப் பட்டியையும் வாஷர் போட்ட ஸ்குரூவையும் கொடுங்கள், வெறும் சீற்றைக் கொடுத்தால் சனம் கையில் கிடைத்த ஆணியை அடித்துவிட்டு அடுத்த காற்றுக்கு அதையும் பறிகொடுக்கும்.

இந்த வருட மாரிக்கு முன்னம் ஒரு திகதியும் இடமும் அறிவித்தால் போதும், எங்கள் ஒழுங்கைக் குவியலை நனைத்துக் கட்டிக் கொடுக்கும் வேலையை அயலவர் நாலைந்து பேரோடு சேர்ந்து நானே பொறுப்பெடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
பாலையூற்று, திருகோணமலை